நாலு இடத்தில் ஒரு குழந்தைவேல்

நாலு தடவை மண்ணைக் கவ்விவிட்டு ஐந்தாவது தடவை டிரைவிங் டெஸ்டில் பாஸானபோது, மரகதம் அந்தச் செய்தியை முதலில் சொன்னது கண்ணாடிக்குள் இருந்த குழந்தைவேலிடம்தான். ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில், கிளட்சை ஏன் பொசுக்கென்று விடக்கூடாது என்று அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவன் அவன். செய்தியைக் கேட்டதும் கண்ணாடிக்குள் எழுந்து நின்று கை தட்டினான். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எல்லாரும் பத்திரமா இருக்காங்களா மேடம்?" என்று கேட்டான். குழுவே சிரித்தது. மரகதத்துக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

மாலையில் அதே குழந்தைவேல், கண்ணாடி இல்லாமல் ரத்தமும் சதையுமாக, லிஃப்டில் இறங்கி வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தான். மரகதம் காருக்குப் பக்கத்தில் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அட, கார்ல வந்திருக்கீங்க. டிரைவர் போட்டுட்டீங்களா மேடம்?" என்றான்.

மரகதத்துக்கு முகம் செத்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. "இன்னிக்கு ஜெபராஜ் சாரை நீங்க பார்த்திருக்கணும். மதகு திறக்கலைன்னதும் பயந்துபோய் நாற்காலியோட பின்னாடி சாஞ்சுட்டார். எனக்கு உசுரே போயிருச்சுங்க. அப்புறம் பார்த்தா சிரிப்பு தாங்கல." சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஜெபராஜ் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட அவனுக்கு நினைவிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைவேல் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பழுது நிபுணன். ஒரு மென்பொருளை அவனிடம் காட்டினால், அது பின்னால் எந்த இடத்தில் காலை வாரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் கம்பெனியில் அவன் ஒருவன்தான். அவனைத் தேடிப் பிடித்து, நேர்காணல் செய்து, மேலிடத்தோடு மல்லுக்கட்டி வேலைக்குச் சேர்த்தவள் மரகதம். ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு மென்பொருள் எழுதும் குழுவுக்கு அவள் தலைவி. மூன்று வருடம் அவன் அந்தக் குழுவில் மட்டும்தான் இருந்தான். அந்த மூன்று வருடமும் அவளுக்கு ஆபீஸ் என்பது வேலை பார்க்கும் இடமாகவே தோன்றியதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரனை ஒரே குழு வைத்துக்கொள்வதா என்று மேலிடத்துக்கு உறுத்தியது. முதலில் நாள் கணக்கில் பங்கு போட்டார்கள். திங்களும் செவ்வாயும் மரகதத்துக்கு, அடுத்த இரண்டு நாள் அணை மதகு மென்பொருள் எழுதும் ஜெபராஜுக்கு, வெள்ளிக்கிழமை தெருவிளக்குக் குழுவின் முபாரக்குக்கு. ஒரே மருமகனை மூன்று மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பின மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை வர வேண்டிய பழுது வியாழக்கிழமை வந்து நிற்கும். ஜெபராஜ் விட மாட்டார். மரகதம் கத்துவாள். முபாரக் தன் வெள்ளிக்கிழமையை யாராவது தூக்கிக்கொண்டு போனால்கூட, "பரவால்லைங்க, விளக்குதானே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்.

அதன் பிறகுதான் கிளை வந்தது. காலையில் எட்டாம் மாடியில் ஒரு சாய்வு நாற்காலியில் குழந்தைவேல் படுப்பான். அவன் மனசு நாலாகப் பிரியும். மூன்று கிளைகள் மூன்று குழுக்களுக்கு. நாலாவது வீட்டுக்கு. அது கம்பெனி கொடுத்த சலுகை. வேலைக்காகக் குடும்பத்தை விட வேண்டாம் என்று செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆள் உயரக் கண்ணாடிக்குள் ஒரு குழந்தைவேல் பேசுவான், யோசிப்பான், கேலி செய்வான். நாலும் அவன்தான், நகல் என்று ஒன்று கிடையாது. மாலையில் நாலையும் ஒன்றாகச் சேர்த்து, எழுப்பி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"அப்போ நான் சொன்னது எங்க போச்சு வேலு?" என்று மரகதம் கேட்டாள். விஷயத்தை மறுபடி சொல்ல அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

குழந்தைவேல் சங்கடப்பட்டான். "ஒரு மனுசன் மண்டைக்குள்ள ஒரு நாளைக்கு ஒரு நாள்தான் போகுமுங்க. நாலையும் திணிச்சா பைத்தியம் பிடிச்சிரும்னு டாக்டர் சொல்றார். அதனால நாலையும் சேர்க்கற மெஷின் எடை போட்டுப் பார்க்குது. எது மனசை ரொம்ப உலுக்குச்சோ அது முழுசா வரும். மத்ததெல்லாம் குறிப்பாத்தான் வரும். உங்க டீம்ல எந்தக் கருவி, என்ன கோளாறு, நான் என்ன சொன்னேன், எல்லாம் இருக்குதுங்க. வேலை கெடாது."

"ஆளுங்க?"

"ஆளுங்க வர மாட்டாங்க மேடம்."

அன்றைக்கு மரகதம் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது அவளுக்கே தெரியாது. தன் சந்தோஷம், ஜெபராஜ் நாற்காலியோடு சாய்ந்ததைவிட இளப்பமாகப் போய்விட்டது என்பது மட்டும்தான் மனசில் அரித்துக்கொண்டிருந்தது. ஜெபராஜை அவளுக்கு முன்பே பிடிக்காது. இப்போது அவருடைய இருமல் சத்தம் கேட்டாலே எரிந்தது.

முதலில் நல்ல வழியைத்தான் முயன்றாள். அதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைவேலின் பிறந்தநாளுக்குக் குழுவையே கூட்டி, கண்ணாடிக்கு முன்னால் கேக் வெட்டி, ஆளுக்கொரு பாட்டுப் பாடி, அவன் குடிக்க முடியாது என்று தெரிந்தும் ஒரு டம்ளர் பாயசத்தை அவன் எதிரே வைத்தாள். கண்ணாடிக்குள் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்றைக்கு நிச்சயம் நாம்தான் என்று மரகதம் நினைத்தாள். மாலையில் லிஃப்டிலிருந்து வந்தவன், "கேக் வெட்டுனதா குறிப்புல பார்த்தேனுங்க. ரொம்ப தேங்க்ஸ்" என்றான். கரண்ட் பில் கட்டியதற்கு ரசீது வந்த மாதிரி இருந்தது.

வழி தெரிந்தது தற்செயலாகத்தான். ஒருநாள் சோதனை மேஜையில் இருந்த கருவி, யாரும் எதிர்பாராமல் ஒரு பாட்டில் மருந்தை முழுசாக ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. குழு அலறியது. கண்ணாடிக்குள் குழந்தைவேல் வெளிறிப்போனான். அந்தக் கருவிகள் மறுநாள் ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டியவை. எல்லோரும் மதியச் சாப்பாட்டை மறந்து பழுதைத் தேடிப் பிடித்தார்கள். மாலையில் கீழே வந்தவன் மரகதத்தை நேராகத் தேடி வந்தான். யார் எங்கே நின்றார்கள், அவள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள், பயத்தில் அவன் பெயரையே எப்படித் தப்பாகக் கூப்பிட்டாள் என்று எல்லாம் சொன்னான். மரகதம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மெஷினுக்குச் சந்தோஷம் பஞ்சு, பயம் கல். அது புரிந்த பிறகு அவள் சும்மா இருப்பாளா? காலையில் எல்லோரும் நின்றபடியே நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று சொல்லும் கூட்டத்துக்கு முன்னால், சோதனைக் கருவியில் ஒரு சின்ன விஷமத்தை ஒளித்து வைப்பாள். மதியத்துக்குள் அது வெடிக்கும். குழந்தைவேல் பதறுவான். மாலையில் அவள் நினைவோடு வீட்டுக்குப் போவான். யாருக்கும் கெடுதல் இல்லை, இதுவும் ஒரு ஒத்திகைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒத்திகை என்று குழுவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜெபராஜ் என்ன, காதில் பூ வைத்துக்கொண்டா இருக்கிறார்? அவருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அதுவரை ஒழுங்காக இருந்த அணை, வாரத்துக்கு மூன்று தடவை உடைய ஆரம்பித்தது. கேண்டீனில் மரகதம் அவரைப் பார்த்து, "என்ன சார், உங்க பக்கம் மழையே இல்லை, வெள்ளம் மட்டும் வருது?" என்றாள்.

"உங்க ஆஸ்பத்திரில மட்டும் தினமும் சீரியஸ் கேஸ் வருதுல்லா மேடம்" என்றார் ஜெபராஜ், தோசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

முபாரக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க பக்கம் ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதுங்க. விளக்கு எரியுது, அணையுது" என்றார். மரகதத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குழந்தைவேலின் ஒரு மாலையைக்கூட அந்த மனிதர் பிடித்ததில்லை. அந்தப் போட்டியில் அவர் கணக்கிலேயே இல்லை.

ஜெபராஜின் வெள்ளம் பெரிதாகப் பெரிதாக மரகதத்தின் விஷமம் போதாமல் போனது. இரண்டு நாள் தொடர்ந்து தோற்றாள். குழந்தைவேல் கீழே வந்து, "உங்க டீம்ல இன்னிக்கு என்னங்க விசேஷம்?" என்று கேட்டபோது அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. மறுநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது என்றாள். நம்முடைய கருவியில் ஒரு குழந்தைக்கு மருந்து அளவு தப்பிவிட்டது என்றாள். அப்படி ஒரு போன் வரவே இல்லை. சொல்லும்போது அவள் குரல்கூடப் பிசிறவில்லை. குழந்தைவேல் கண்ணாடிக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அன்றைய மாலையும், அதற்கடுத்த பல மாலைகளும் அவளுடையவையாக இருந்தன. குழந்தை எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்டான். தேறி வருகிறது என்று தினமும் சொன்னாள்.

பூங்கொடி வந்தது அதற்கடுத்த வாரம். குழந்தைவேலின் மனைவி. மரகதம் அவளைக் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. மதிய நேரத்தில் கேண்டீன் மூலையில் வந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாளோ என்று மரகதம் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"அவரு தினமும் உங்க கதையத்தான் சொல்றாருங்க" என்றாள் பூங்கொடி. "மரகதம் மேடம் டீம்ல இப்படி, மரகதம் மேடம் அழுதாங்க, மரகதம் மேடம் கை சில்லுன்னு இருந்திருக்கும்னு."

மரகதத்துக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. அசிங்கமான சந்தோஷம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் பொங்கியது.

"எங்க வீட்டுக் கண்ணாடி அடுப்படியில இருக்குதுங்க" என்று பூங்கொடி தொடர்ந்தாள். "பகல்ல பூரா எங்கூடப் பேசிட்டே இருப்பாரு. நான் காய் நறுக்குவேன், அவரு கேலி பண்ணுவாரு. கல்யாணம் ஆன புதுசுலகூட இத்தனை பேசுனதில்லீங்க. சாயங்காலம் வாசப்படி ஏறி வர்ற ஆளுக்கு அதுல ஒரு வார்த்தை தெரியாது. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

"என்ன பண்ணுனீங்க?"

பூங்கொடி மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சண்டை போட ஆரம்பிச்சேனுங்க. ஒருநாள் நெசமாவே ஒரு சண்டை வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வந்ததும், ‘ஏன் பூங்கொடி அப்படிப் பேசுன’ன்னு கேட்டாரு. எனக்கு அழுகையோட சிரிப்பும் வந்திருச்சுங்க. அவருக்கு ஞாபகம் இருக்குதேன்னு. அதுக்கப்புறம் சும்மா சும்மா சண்டை இழுக்கறேன். அவங்கம்மாவைச் சொல்றேன். வீட்டை விட்டுப் போறேங்கறேன். நீங்க ஜெயிக்காத நாள்ல நான் ஜெயிப்பேன்."

இவ்வளவு நாளும் மரகதம் ஜெபராஜோடு மட்டும்தான் மல்லுக்கு நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேணும்னுதான் பண்றீங்களான்னு நான் கேக்கலீங்க" என்றாள் பூங்கொடி. "ஒரே ஒரு நாள் விட்டுக்கொடுங்க. வர்ற புதன்கிழமை எங்க கல்யாண நாள். அன்னிக்கு உங்க பக்கம் எந்தக் கலவரமும் இல்லாமப் பார்த்துக்குங்க. ஜெபராஜ் சார்கிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டார். நானும் சண்டை போடாம, சந்தோஷமா ஒரு நாளை அவருக்குக் கொடுத்துப் பார்க்கறேன். எல்லாரும் சும்மா இருந்தா சந்தோஷமே எடை நிக்குமில்லீங்களா?"

"சரிங்க" என்றாள் மரகதம். மனதார, நிஜமாகத்தான் சொன்னாள்.

புதன்கிழமை வந்தது. காலைக் கூட்டம் அமைதியாக நடந்தது. கருவிகள் சமர்த்தாக மருந்தை ஏற்றின. கண்ணாடிக்குள் குழந்தைவேல் நிம்மதியாகக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மரகதம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே நேரத்தில் இன்னொரு கண்ணாடிக்குள் இவன் பூங்கொடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. அது தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை. கல்யாண நாள் அவர்களுக்கு, நமக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். இவனை யார் கண்டுபிடித்தது? யார் கொண்டுவந்தது? மூன்று மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழுந்து கண்ணாடியின் அருகே போனாள்.

"வேலு, ஈரோட்டுல இருந்து மறுபடியும் போன்" என்றாள். "குழந்தைக்குச் சீரியஸாம்."

வியாழக்கிழமை காலையில் பூங்கொடி போன் செய்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து மரகதம் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிப் போய் எடுத்தாள். பூங்கொடி திட்டவில்லை. குரல் ஓய்ந்துபோயிருந்தது.

"நேத்து எங்க கல்யாண வீடியோ போட்டேனுங்க. மாலை மாத்தும்போது அவரு வேட்டி அவுந்திருச்சு, எங்க மாமா ஓடி வந்து பிடிச்சார். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்து ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். இதை மட்டும் நான் மறக்கக்கூடாது பூங்கொடின்னு அவரே சொன்னாருங்க." அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "சாயங்காலம் வாசல்ல நின்னுட்டு உள்ளேயே வரலை. ‘இன்னிக்கு என்ன பிரச்சனை’ன்னு கேட்டார். அவ்வளவுதானுங்க. வெச்சர்றேன்."

அன்று மாலை குழந்தைவேல் மரகதத்தைத் தேடி அவளுடைய அறைக்கு வந்தான். எப்போதையும்விட மெலிந்து தெரிந்தான். உட்காரச் சொன்னாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"மேலிடத்துல எழுதிக் கொடுத்துட்டேன் மேடம். இனிமே பிரிய முடியாதுன்னு. ஒரே ஆளா ஒரே இடத்துல வேலை பார்க்கறேன்னுட்டேன். ஒத்துக்கிட்டாங்க. எந்த டீம்னு என்னையே சொல்லச் சொன்னாங்க."

இத்தனை மாதமாக அவன் தலைக்குள் நிறைந்திருப்பது யார்? அவளுடைய பதற்றம், அவளுடைய சேலை, அவளுடைய குரல். வேறு யாரை அவன் சொல்ல முடியும்? முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எந்த டீம் சொன்னீங்க?" என்றாள்.

"முபாரக் சார் டீம்."

அவள் மேஜை மேலிருந்த காகிதங்களை நேராக அடுக்கினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அங்க நான் என்ன பண்றேன்னு எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லீங்க. அதனாலேயே அங்க நிம்மதியாத்தான் இருந்திருப்பேன்னு தோணுது. உங்க டீமை நினைச்சாலே பயமா இருக்குதுங்க. அணைன்னாலும் அப்படித்தான்." கொஞ்சம் தயங்கினான். "வீட்டுக் கண்ணாடியையும் எடுக்கச் சொல்லிட்டேன். பீளமேட்டுல ஒரு ரூம் பார்த்திருக்கேன். பூங்கொடிகிட்ட இன்னும் சொல்லல. இத்தனை மாசத்துல நானும் அவளும் சேர்ந்து சிரிச்ச மாதிரி எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குதுங்க. சண்டைதான் இருக்குது. அவளுக்கும் என்னைப் பிடிக்கலை போலிருக்குது. எதுக்கு ரெண்டு பேரும் கஷ்டப்படணும்?"

மரகதம் முதலில் நினைத்தது முபாரக்கைப் பற்றித்தான். விளக்கு எரியுது, அணையுது என்று சொன்ன அந்த மனிதருக்குப் போய்க் கிடைத்திருக்கிறது. காதில் புகை வந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. புதன்கிழமை இவன் பூங்கொடியோடு சிரித்தது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சொன்னால் இவன் நம்ப மாட்டான், இன்னொரு சண்டைக்கு வழி தேடுகிறாள் என்றுதான் நினைப்பான். இன்னொருத்தி சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இவன் பீளமேட்டில் தனியாக இருப்பான். பூங்கொடிக்கும் கிடைக்க மாட்டான். அந்த யோசனை ஒரு நிமிஷம் அவளுக்கு இனித்தது. அது இனித்ததும்தான் அவள் பயந்தாள்.

"வேலு, நேத்து நீங்க சிரிச்சீங்க" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

சொன்னாள். கல்யாண வீடியோவை, வேட்டியை, அவன் சொன்ன வார்த்தையை எல்லாம் சொன்னாள். பூங்கொடியின் சண்டைகள் எதற்கு என்பதையும் சொன்னாள். "அப்புறம் ஏன் எனக்கு வரலை?" என்று அவன் கேட்டபோது, புதன்கிழமை மூன்று மணிக்குத் தான் கண்ணாடிக்கு முன்னால் வந்து சொன்னதைச் சொன்னாள். சோதனைக் கருவிகளில் ஒளித்து வைத்தவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தக் குழந்தை?" என்று கேட்டான்.

"அப்படி ஒரு குழந்தை இல்லை வேலு."

கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து, நாற்காலியைப் பழையபடி மேஜைக்குள் தள்ளிவிட்டு, "இது எனக்கு ஞாபகம் இருக்குமுங்க" என்றான். அவ்வளவுதான்.

அறைக்கு வெளியே போனதும் போனை எடுத்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே அவன் பேசுவது மரகதத்துக்குக் கேட்டது.

"பூங்கொடி, நேத்து நாம என்ன பண்ணோம்? இல்ல, சண்டையில்ல. எனக்கு மறந்துபோச்சு, நீ சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

அந்தப் பக்கம் அவள் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். குழந்தைவேல் லிஃப்ட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போனது. அவன் ஏறவில்லை. சற்று நேரம் கழித்து அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வாய்விட்டு. மரகதம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் கேட்டது, வயிறு எரிந்தது.